கையை மடக்கிக் காட்டுங்க

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி, பதினொரு மணி தாண்டியிருந்தது. பட்டாசுக் காயம், வயிற்றுப்போக்கு, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் என்று எமர்ஜென்சி நிரம்பி வழிந்தது. நான் அப்போது மருத்துவ உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். தையல் போடுவதில் கை நன்றாக ஓட ஆரம்பித்திருந்த காலம். அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். வலது கை, நடுவிரல் முட்டிக்கு மேல் சின்னக் காயம். ஒரு அரிசி மணி நீளம்கூட இருக்காது. "என்ன தம்பி ஆச்சு?" என்றேன். "போத்தல் ஒடஞ்சிருச்சுண்ணே, கண்ணாடி கிழிச்சிருச்சு" என்றான். பக்கத்தில் அவனுடைய அண்ணன் நின்றிருந்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல். பல்வலி போல என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, பொய் சொல்கிறேன். எதையும் நினைக்கவில்லை. பின்னால் பதினாறு பேர் காத்திருந்தார்கள்.

உப்புநீர் விட்டுக் கழுவினேன். கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லி, நைலான் நூலில் இரண்டு தையல். டெட்டனஸ் ஊசி. டாக்டர் கையெழுத்தில் ஐந்து நாளைக்குக் கிளாக்ஸசிலின். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். அழகான தையல் அது, அதுதான் கொடுமை.

மூன்றாம் நாள் ராத்திரி திரும்பி வந்தான். கை பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. நடுவிரலை யாராவது தொட வந்தாலே கத்தினான். என் இரண்டு தையலுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சீழ், அதோடு ஒரு வாடை. எலும்பு மருத்துவர் வந்தார். காயத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், "யாரோட பல்லு?" என்று மலாயில் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. வாசல் பக்கம் திரும்பினான். வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இப்போது கைக்குட்டை இல்லை. மேல்வரிசையில் முன்பல் ஒன்றும் இல்லை.

அன்று மருத்துவர் என்னைத் திட்டவில்லை. தையலைப் பிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கையை மடக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரையில் வரும் ஆட்களெல்லாம் எனக்கு அறிமுகமானார்கள். யாருமே நம்ம பக்கத்து ஆட்கள் இல்லை. பாதிப் பேர் சிகாகோக்காரர்கள். ஆனால் அவர்கள் விவரிக்கும் ராத்திரிகள் எனக்குப் பழக்கமானவை.

முதலில் கேள்வியின் அர்த்தம். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். புறங்கையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கயிறு மாதிரி தெரிகிறதல்லவா, அதுதான் விரலை நீட்டும் தசைநாண். இப்போது முஷ்டி பிடியுங்கள். அந்தக் கயிறு முன்பக்கமாக, விரல் நுனியை நோக்கி வழுக்கிப் போகிறது. தோலும் இழுபட்டு முட்டிமேல் மெல்லிசாகப் படிகிறது. முட்டி எலும்பின் உருண்டைத் தலைக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே அந்த நிலையில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த முஷ்டி ஒரு வாயில் போய் மோதுகிறது. பல் தோலைத் துளைக்கிறது, தசைநாணைத் துளைக்கிறது, மூட்டைச் சுற்றியிருக்கும் உறையைத் துளைக்கிறது, குருத்தெலும்பில் ஒரு கீறலும் போடலாம். பிறகு சண்டை முடிகிறது. கை விரிகிறது. தோல் ஓர் இடத்துக்குப் போகிறது, தசைநாண் வேறு இடத்துக்குப் பின்வாங்குகிறது, மூட்டின் ஓட்டை இன்னோர் இடத்தில் நிற்கிறது. மூன்று ஓட்டைகளும் இனி ஒரே கோட்டில் இல்லை. பல்லிலிருந்து உள்ளே போன அத்தனையும் மூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது, கதவைச் சாத்திய மாதிரி. விரித்த கையில் பார்த்தால் அரிசி மணி அளவுக் காயம், அடியில் முழுசாகத் தெரியும் தசைநாண். ஒன்றுமில்லை போலத்தான் தெரியும். கை எந்த நிலையில் இருந்தபோது அடிபட்டதோ அதே நிலைக்குத் திரும்பினால்தான் ஓட்டைகள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்கும்.

அதாவது, குத்தியபோது எப்படி இருந்ததோ அப்படி மடக்கச் சொல்ல வேண்டும். நான் கையை மேசைமேல் விரிக்கச் சொன்னேன்.

வாய்க்குள் என்ன இருக்கிறது என்பது மனிதர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். 1683இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லீவன்ஹூக், தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பசையைத் தானே செய்த லென்ஸில் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்திருக்கிறார், பாவம் அந்த மனுஷன். இருநூறு வருஷம் கழித்து, பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் வாயின் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1890இல் அது ஆங்கிலத்தில் வந்தது. 1896இல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் யாசென்த் வின்சென்ட், அழுகும் புண்களில் கதிர் போன்ற நீள பாக்டீரியாவும் சுருள் பாக்டீரியாவும் ஜோடியாகக் கிடப்பதைக் கண்டார். அதே ஜோடியை அடுத்த சில வருஷங்களில் தொண்டைப் புண்ணிலும் கண்டார்கள்.

ஆனால் வாயில் இருப்பது கைக்குள் போனால் என்ன ஆகும் என்று எழுத 1910 வரை ஆயிற்று. அந்த வருஷம் ஹல்ட்கென் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். இடது ஆள்காட்டி விரலின் ஒரு பகுதி அழுகிப்போயிருந்தது. சீழில் அதே கதிர், அதே சுருள். மனிதக் கடியால் வந்த கைத்தொற்றைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு என்று பின்னால் வந்தவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு முன் மனிதர்கள் ஒருவரையொருவர் பல்லில் குத்திக்கொள்ளவில்லை என்றா அர்த்தம்? குத்திக்கொண்டார்கள், விரல் போனது, கை போனது, சிலருக்கு உயிரும் போனது. ஒருவரும் அதை எழுதத் தகுந்த விஷயமாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். கள்ளுக்கடை வாசலில் வந்த புண்ணுக்கு யார் கட்டுரை எழுதுவார்?

கை ஒரு தனி விஷயம் என்ற எண்ணம் உருவான ஊர்களில் சிகாகோ முக்கியமானது. அங்கே கைகள் நிறைய வீணாகிக்கொண்டிருந்தன. நகரத்தின் தெற்கே மாட்டுத் தொழுவங்களும் இறைச்சி ஆலைகளும். ஐரோப்பாவின் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அங்கே கத்தியோடும் கொக்கியோடும் நின்றார்கள். அப்டன் சின்க்ளேர் 1906இல் வெளியிட்ட 'தி ஜங்கிள்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் கைகள் நினைவிருக்கும். கத்தி வெட்டி வெட்டி உருவமே போன கட்டைவிரல்கள், அமிலம் தின்ற விரல் மூட்டுகள். தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்த என் தாத்தாவின் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

அதே நாவலில் ஒரு கடியும் வருகிறது. கதாநாயகன் யூர்கிஸ், தன் மனைவியைக் கெடுத்த மேலாளனைப் பிடித்துக் கீழே தள்ளி அவன் கன்னத்தைக் கடித்துவிடுகிறான். முதல்முறை படித்தபோது எனக்கு யூர்கிஸ்மேல்தான் கண். இப்போது படிக்கும்போது கன்னத்தைப் பார்க்கிறேன். கன்னத்தில் ரத்த ஓட்டம் அதிகம். கடிபட்ட முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவர்கள் இன்றும் தையல் போடுவதுண்டு, பெரும்பாலும் ஆறிவிடும். முட்டிக்கு அந்த வசதி கிடையாது. ரத்தம் குறைவு, அடியில் மூடிய மூட்டு. ஆகையால், முகத்தில் ஒரு சண்டை நடந்தால், அடி வாங்கியவன் தேறிவிடுவான். அடித்தவன் கைதான் போகும். இது நியாயமா அநியாயமா என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் எதுவும் கிடைக்கவில்லை.

ஆலன் கனவெல் கேன்சஸில் பிறந்து சிகாகோவில் நிலைத்த அறுவை மருத்துவர். அந்தக் காலத்தில் கையில் சீழ் பிடித்தால் எங்கே வீங்கியிருக்கிறதோ அங்கே கத்தி வைப்பார்கள். கண்மூடித்தனமான கீறல். சீழ் இல்லாத இடத்தையும் திறந்துவிடுவார்கள், நல்ல தசைநாணும் அழுகிப்போகும். கனவெல் வேறு மாதிரி யோசித்தார். பிணங்களின் கைகளில், தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறைகளுக்குள்ளும் உள்ளங்கையின் இடைவெளிகளுக்குள்ளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊசியால் ஏற்றினார். அது இறுகியதும் பிரித்துப் பார்த்தார், எது எங்கே போய் நிற்கிறது, எந்தச் சுவர் முதலில் உடைகிறது என்று. வெள்ளம் எந்த வழியாக வரும் என்று தெரிந்துகொள்ள ஊரின் கால்வாய்களை வரைபடம் போடுவது மாதிரி. 1905இல் முதல் கட்டுரை. 1912இல் 'கையின் தொற்றுகள்' என்ற புத்தகம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருந்தது. விரல் வீக்கத்தில் பார்க்க வேண்டிய அறிகுறிகளை இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுத்தருகிறார்கள்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. தொற்று ஆறும்வரை கையைக் கட்டி வைக்கும்போது நீட்டிய நிலையில் கட்டாதே, ஒரு டம்ளரைப் பிடிக்கப்போகும் கை எப்படி இருக்குமோ அப்படிக் கட்டு. ஒருவேளை மூட்டு இறுகிப்போனாலும், டம்ளரைப் பிடிக்கும் நிலையில் இறுகட்டும். எல்லாம் கைவிட்டுப் போனாலும் அந்த ஆள் தன் கையால் தண்ணீர் குடிக்கலாம். 1938இல் ஒரு கார் விபத்தில் கனவெல் இறந்தார்.

அவரிடம் வேலை கற்றவர்கள் சம்னர் காக், மைக்கேல் மேசன். (காக் என்ற பெயரைப் பார்த்ததும் காசநோய்க் கிருமியைக் கண்ட ஜெர்மன்காரரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் குழப்பிக்கொண்டேன்.) காக் 1929இல் மனிதக் கடியால் வந்த நான்கு கைத்தொற்றுகளைப் பற்றி எழுதினார். அடுத்த வருஷம், 1930இல், மேசனும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. இதழில் முப்பத்தைந்து பக்கம். பல் காயத்திலிருந்து தொடங்கும் சீழ், புறங்கையிலிருந்து எந்தெந்த வழியாக விரல்களுக்கு நடுவே இறங்கி உள்ளங்கை வரை போகிறது என்பதை ஆசிரியரின் வழியிலேயே தேடிப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த வருஷங்கள் அவை. சட்டப்படி நாட்டில் ஒருவரும் குடிக்கவில்லை. ஆனால் முட்டிக் காயத்தோடு ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அந்த நாளில் சிகிச்சை என்று என்ன இருந்தது? வெந்நீர் ஒத்தடம். காயத்தைத் திறந்து வைப்பது. நைட்ரிக் அமிலத்தால் சுடுவது. சுருள் பாக்டீரியா இருக்கிறதே, மேகநோய்க் கிருமியும் சுருள்தானே என்று அதற்குக் கொடுத்த ஆர்சனிக் மருந்தை இதற்கும் கொடுத்தார்கள். நியூயார்க்கில் ஃபிராங்க் மெலனி 1930களில் ஜிங்க் பெராக்சைடைக் குழைத்துப் பூசிப் பார்த்தார். காற்று பிடிக்காத கிருமிகளுக்குக் காற்றைக் கொடுத்துக் கொல்வது என்பது யோசனை. எதுவும் பலிக்காவிட்டால் விரலை எடுப்பார்கள். இவற்றில் நிலைத்து நின்றது ஒன்றே ஒன்று: திற, கழுவு, மூடாதே. கைமேல் பட்ட பல் காயத்துக்குத் தையல் போடாதே. இன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற வாக்கியம். நானும் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பரீட்சையில் கேள்வித்தாளே "மனிதக் கடி" என்று சொல்லிவிடும். வார்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. போத்தல், கதவு, சுவர், மெஷின், நாய்கூடச் சொல்வார்கள். மனிதனைச் சொல்ல மாட்டார்கள்.

1942இல் நியூ ஆர்லியன்ஸின் பெரிய தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து பாய்ஸ் என்ற மருத்துவர் தொண்ணூறு மனிதக் கடிகளை ஆராய்ந்து எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஓர் அடைப்புக்குறி இருக்கிறது: பெரும்பாலும் தாமதமாக வந்தவர்கள் என்று. அந்த அடைப்புக்குறியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ராத்திரி சண்டை. காலையில் வெட்கம். சின்னக் காயம்தானே என்ற அலட்சியம். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. போலீஸ் கேட்குமோ என்ற பயம். மூன்றாம் நாள் கை உப்பிய பிறகுதான் வருவார்கள். மருத்துவர் பார்ப்பது எப்போதும் அந்த மூன்றாம் நாள் கையைத்தான்.

இதனால் ஒரு பெரிய தப்பும் நடந்தது. மனிதனின் வாய்தான் உலகத்திலேயே அசுத்தமானது, நாய்க்கடியைவிட மனிதக் கடி மோசம் என்று பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். என் பாட்டியும் சொல்வார், "மனுசப் பல்லு பட்டா லேசுல ஆறாதுடா" என்று. 1987இல் லிண்ட்ஸே என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு காப்பகத்தில் வாழ்ந்தவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 434 மனிதக் கடிகள், அதே ஆட்களுக்கு வந்த 803 சாதாரண வெட்டுக் காயங்கள். காப்பகம் என்பதால் யாரும் மறைக்க முடியாது, எல்லாக் காயமும் அன்றே பதிவாகிவிடும், அன்றே கழுவப்பட்டுவிடும். இரண்டு வகையிலும் தொற்று வந்த விகிதத்தை ஒப்பிட்டார்கள். கடியில் சற்றே அதிகம், அவ்வளவுதான். தோளிலோ தொடையிலோ பட்ட கடி மற்ற எந்தக் காயத்தையும் போலத்தான் நடந்துகொள்கிறது. கையைக் கெடுத்தது எச்சில் மட்டும் இல்லை. மூட்டு மூடிக்கொள்வதும், ஆள் வாயை மூடிக்கொள்வதும், என்னைப் போல ஒருவன் நூலை எடுத்துத் தைத்து மூடுவதும் சேர்ந்துதான்.

நடுவில் பென்சிலின் வந்தது. 1945 வாக்கில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கே கிடைக்கத் தொடங்கியது. வாயில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பென்சிலினுக்கு அடங்கும். காக், மேசன் காலத்துப் பயங்கரங்கள் குறைந்தன. அதற்குள் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பென்சிலினை உடைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதை அடக்க 1960களில் புது மருந்துகள் வந்தன: கிளாக்ஸசிலினும் அதன் உறவுகளும், செஃபலோஸ்போரின் குடும்பமும். காயமா, தோலா, இதைக் கொடு என்று எல்லாக் கிளினிக்குகளிலும் கை தானாகவே அந்த மருந்தை எழுத ஆரம்பித்தது. முட்டிக் காயங்களுக்கும் அதையே எழுதினார்கள். சில கைகள் ஆறவில்லை. ஏன் என்று புரியவில்லை.

1958இல் எய்கென் என்பவர் ஒரு ஸ்காண்டினேவிய இதழில் ஒரு பாக்டீரியாவை விவரித்திருந்தார். மெதுவாக வளரும். வளர்க்கும் தட்டில், தான் உட்கார்ந்த இடத்தைக் குழி போட்டு அரிக்கும். அரிக்கும் என்ற பொருளில் 'கொரோடென்ஸ்' என்று பெயர் வைத்தார். 1972இல் அதன் முன்பெயரை மாற்றி அவர் பெயரையே சூட்டினார்கள்: எய்கெனெல்லா கொரோடென்ஸ். நல்ல ஆரோக்கியமான வாயில், ஈறோரத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் குடியிருக்கும். தட்டில் வளர்த்தால் பெரும்பாலும் குளோராக்ஸ் வாடை அடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். சட்டை வெளுக்கிற அதே வாடை.

1970களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் எல்லி கோல்ட்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் முஷ்டிக் காயங்களிலிருந்து எடுத்த சீழை, காற்று இல்லாமல் வளரும் கிருமிகளையும் தவறவிடாதபடி கவனமாக வளர்த்துப் பார்த்தார்கள். 1978இல் வெளியிட்டார்கள். ஒரு கிருமி இல்லை, கூட்டமே இருந்தது. அந்தக் கூட்டத்தில் எய்கெனெல்லாவும் இருந்தது. இதன் குணம் விசித்திரமானது. பழைய பென்சிலினுக்கு அடங்கும். ஆனால் கிளாக்ஸசிலினுக்கு அடங்காது, செஃபலெக்சினுக்கு அடங்காது, கிளிண்டமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் அடங்காது. அதாவது, காயம் என்றதும் நாங்கள் பழக்கத்தில் எழுதிக்கொடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். இதைப் படித்த ராத்திரி நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்தப் பையனின் கையில் எந்தக் கிருமி வளர்ந்தது என்ற அறிக்கையை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் கேட்கவில்லை. ஆனால் மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

தோலின் கிருமியையும் வாயின் கிருமியையும் சேர்த்து அடக்கும் மாத்திரை 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பென்சிலினின் வாரிசு ஒன்றோடு, கிருமியின் கத்தரியை மழுக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தது. ஆக்மெண்டின் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், வயிற்றைக் கலக்கும் அந்த வெள்ளை மாத்திரை.

1991இல் ஜுபோவிச், கிரேவியர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கையில் மனிதக் கடி வாங்கி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வந்த நாற்பத்தெட்டு பேர். மூட்டோ தசைநாணோ துளைபட்டவர்களை இதில் சேர்க்கவில்லை. எல்லாருக்கும் காயத்தை நன்றாகச் சுத்தம் செய்தார்கள். பதினாறு பேருக்கு ஆண்டிபயாட்டிக் மாத்திரை, பதினேழு பேருக்கு ரத்தக்குழாய் வழி மருந்து, பதினைந்து பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து பெற்ற முப்பத்துமூன்று பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. வெறும் மாத்திரை பெற்ற பதினைந்து பேரில் ஏழு பேருக்கு வந்தது. சீக்கிரம் வந்தால், கழுவி மருந்து கொடுத்தால், கை தப்பிக்கும் என்பதற்கு இதைவிடச் சின்னதாக, இதைவிடத் தெளிவாக ஓர் ஆதாரம் நான் பார்த்ததில்லை. அந்த ஏழு பேரையும் நினைத்துக்கொள்வதுண்டு. அவர்கள் செலவில்தான் நாம் கற்றுக்கொண்டோம்.

இப்போது செய்வது இதுதான். முட்டிமேல் காயம் என்றால், ஆள் என்ன சொன்னாலும், பல் என்றே எடுத்துக்கொள்வது. எக்ஸ்ரே எடுப்பது, எலும்பு உடைந்திருக்கிறதா, பல் துணுக்கு உள்ளே நிற்கிறதா என்று பார்க்க. மடக்கச் சொல்லிப் பார்ப்பது. மூட்டு திறந்திருந்தால் அறுவை அரங்கில் திறந்து கழுவுவது. தைக்காமல் விடுவது. டம்ளர் பிடிக்கும் நிலையில் கட்டுவது. சரியான ஆண்டிபயாட்டிக். டெட்டனஸ். மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. பற்றிய கேள்விகள், இருவருக்குமே. மறுநாள் கட்டாயம் திரும்ப வரச் சொல்வது.

கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். "சண்டை போட்டீங்களா?" என்று கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "இந்த எடத்துல பல்லு பட்டிருந்தா மருந்து வேற தம்பி. போலீஸுக்குச் சொல்றதுக்கு இல்ல, மருந்துக்காகக் கேக்குறேன்" என்பேன். பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேருக்கும் கையை மடக்கச் சொல்வேன். கையை மடக்கிக்கொண்டு பொய் சொல்வது கொஞ்சம் சிரமம், அது என் அனுபவம்.

அந்தப் பையனுக்கு இரண்டு முறை மூட்டைத் திறந்து கழுவினார்கள். பதினெட்டு நாள் வார்டில் இருந்தான். பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரப்பி. லோரிப் பட்டறையில் மெக்கானிக் வேலை அவனுக்கு. ஸ்பேனரைப் பிடிக்க வராததால் கொஞ்ச நாள் கணக்கு எழுதினான். அவனும் அண்ணனும் சேர்ந்தே வருவார்கள். அண்ணன்தான் வண்டி ஓட்டுவார், கட்டணம் கட்டுவார், நம்பர் எடுப்பார். சண்டை எதற்கு என்று நான் கேட்டதில்லை. அப்பாவின் வீட்டைப் பற்றி ஏதோ என்று தாதி ஒருவர் சொன்னார்.

ஒரு தடவை வராந்தாவில் அண்ணனைத் தனியாகப் பார்த்தேன். புதுப்பல் கட்டியிருந்தார். அன்னிக்கு ராத்திரி பக்கத்திலேயே நின்னீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி?

அவர் கோபப்படவில்லை. "போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயந்துட்டேன் சார். என் பல்லு போனதுக்கு அவன் உள்ள போகக்கூடாதுல்ல" என்றார்.

அப்போது தம்பி அறையிலிருந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்து, கேட்காமலே கையை நீட்டி முஷ்டி பிடித்துக் காட்டினான். நான்கு விரல் மடங்கியது. நடுவிரல் பாதியில் நின்றது.

"இவ்ளோதாண்ணே வருது" என்றான்.